எல்மர் மன்னரைக் கரையேற்றிய கை

நலம் பெருகுக. கரை நிலைக்க. காற்று இரு நாட்டுப் பாய்களுக்கும் இணங்கி வீசுக.

மூன்று பேராறுகளுக்கு அதிபதியும், கல்லால் எழுப்பிய கோவில்களுக்குப் புரவலரும், அண்டை நாட்டு மன்னர் பலரைத் தம் பிள்ளைகள் என்று அழைக்கும் பெரும்பேறு பெற்றவருமாகிய மார்வென் பேரரசர் சிகிபால்டரின் திருச்சமூகத்திற்கு, வடகடல் வளைகுடாவையும் அதன் உப்பளங்களையும் ஆளும் எல்மர் மன்னர் ராட்கேரின் பணிப்பின்படி, அவருடைய முதலமைச்சர் தியட்மார் எழுதுவித்து விடுக்கும் ஓலை. எங்கள் கரையில் பனை வளர்வதில்லை; கன்றுத்தோலே எங்களுக்கு ஓலை. தோல் தடித்திருக்கிறதே என்று பேரரசர் முகம் சுளிக்க வேண்டாம். எழுதுவிக்கும் அமைச்சருக்கும் தோல் தடித்ததுதான்.

தங்கள் நாட்டில் மாரி பொய்க்காதிருக்க. தங்கள் குதிரைகள் நோயின்றிப் பெருகுக. தங்கள் மூத்த இளவரசரும் இளைய இளவரசரும் ஒரே பந்தியில் ஒரு வேளையேனும் அமர்ந்து உண்ணும் நாள் விரைவில் வருக. இவ்வளவும் எம் மன்னர் மனமார வேண்டுவன.

பேரரசரின் தூதர் பனி உருகும் காலத்தில் எம் துறைக்கு வந்து இரண்டு செய்திகளை உரைத்தார். கிறிஸ்துவை ஏற்ற மன்னன்மீது மார்வென் வாள் உருவப்படாது, மரத்தையும் கல்லையும் கும்பிடும் மன்னனின் நாடோ உடையவன் இல்லாத புறம்போக்கு, ஆகவே கிறிஸ்து உயிர்த்தெழுந்த பாஸ்குத் திருநாளுக்கு முன் மார்வென் கப்பற்படை எல்மர் ஆற்று முகத்துவாரத்தில் வந்து நிற்கும் என்பது முதற்செய்தி. எம் மன்னர் ஞானஸ்நானம் பெற இசைந்தால், பேரரசரே அன்பு மிகுதியால் ஞானத் தகப்பனாக நின்று, தம் திருக்கையாலேயே அவரைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் கரையேற்றுவார் என்பது இரண்டாம் செய்தி. அன்புக்கு நன்றி. அந்த அன்பைக் கேட்ட நாள் முதல் எம் மன்னர் ஓரிடத்தில் உட்காரவில்லை.

ஏன் என்று பேரரசர் அறியாதவர் அல்லர். எல்மர் மக்கள் கடலை நம்பிப் பிழைப்பவர்கள். மூழ்குகிறவனை எவர் கைகொடுத்துத் தூக்குகிறாரோ அவரே அவனைப் பெற்றவர் என்பது எங்கள் முன்னோர் வகுத்த சட்டம். வயிற்றில் சுமந்த உறவுகூட அதற்கு அடுத்ததுதான். கரையேற்றியவர்மீது ஆயுதம் எடுக்கலாகாது. அவர் கேட்டதை இல்லை என்னலாகாது. எங்களுக்குத் தெற்கே ஹார்ட்டன் நாட்டு மன்னர் தங்கள் தந்தையாரின் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஞானஸ்நானத் தண்ணீரிலிருந்து எழுந்தார். தலை ஈரம் காய்வதற்குள் அவரிடம் குதிரைகள் கேட்கப்பட்டன. பிறகு தானியம் கேட்கப்பட்டது. பிறகு அவருடைய புதல்வர்களே மார்வென் போர்களுக்குக் கேட்கப்பட்டார்கள். தகப்பன் கேட்டால் மகன் தரமாட்டானா என்ற ஒரு சொல்லாலேயே ஒரு நாடு தங்கள் பண்ணையாகிப் போனது.

ஆகவே எம் மன்னரின் நிலை, முன்னே போனால் கடிக்கிறது, பின்னே வந்தால் உதைக்கிறது என்பதாயிற்று. ஞானஸ்நானம் பெறாவிட்டால் எல்மர் நாடு இரை. பேரரசர் கையால் பெற்றால் எல்மர் நாடு பிள்ளை. இரண்டுக்கும் நடுவே கால் வைக்க ஒரு சாண் இடம் உண்டா என்று அவர் தேடிக்கொண்டே இருந்தார்.

இதில் கொடுமை என்னவென்றால், எம் மன்னர் அந்தத் தண்ணீரை உண்மையாகவே விரும்பினார். எங்கள் ஆற்றங்கரையில் நாணல் வேய்ந்த சிறு கோவில் எழுப்பியிருக்கும் குரு அபெலின் சொல்வதை அவர் பல காலமாகக் கேட்டு வருகிறார். அந்தத் தண்ணீருக்குள் போகிற பழைய மனிதன் அங்கேயே செத்துப்போகிறான், வெளியே வருகிறவன் புதியவன் என்று குருவானவர் சொன்ன நாளில், இளமையில் எத்தனையோ கரைகளுக்குத் தீ வைத்த எம் மன்னர் அதைத் திரும்பவும் ஒரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.  அந்தச் செய்தி அவருக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை அருகில் இருந்தவர்கள் அறிவார்கள்.

தூதர் போன பிறகு அரண்மனையில் அமைதி இல்லை. மன்னர் உணவில் கை வைப்பார், எழுந்துவிடுவார். குதிரை கேட்பார், குதிரை வந்ததும் திருப்பி அனுப்புவார். கடலணைமீது காற்றுக்கு எதிராக நடந்து போய், அதே வழியில் திரும்பி, மறுபடியும் நடப்பார். மன்னர் உட்கார்ந்தால்தான் சபை உட்காரலாம் என்பது எங்கள் மரபு. ஆகவே முதிய சபையோர் எல்லாரும் நின்றே ஆலோசித்து முழங்கால் வீங்கினார்கள். அரசைக் காப்பதில் அவர்களுக்கு அன்று இருந்த அவசரத்துக்கு அந்த வீக்கமும் ஒரு காரணம்.

மன்னரைத் தண்ணீரிலிருந்து தூக்கும் கை கிறிஸ்தவரின் கையாக இருக்க வேண்டும். அந்தக் கைக்குப் பின்னால் வேறொரு மன்னரின் கை நீளக் கூடாது. இதுவே சபை ஆராய்ந்த பொருள். அரசி பெர்த்திலா பிறவியிலேயே கிறிஸ்தவர். ஆனால் ஞானத்தாயானவர் அதன்பின் மனைவியாக இருக்கலாகாது என்பது திருச்சபையின் விதியாம். கணவரை இழந்து அவ்வளவு பெரிய மகனைப் பெறும் எண்ணம் தமக்கு இல்லை என்று அரசியார் சொல்லி அனுப்பினார். குரு அபெலின் மார்வென் நாட்டில் பிறந்தவர். மேலும் ஞானஸ்நானம் கொடுப்பவரே கைகொடுப்பவராகவும் இருக்க முடியாது. துறையில் தங்கும் கிறிஸ்தவ வணிகர்களுக்கோ ஆளுக்கு ஓர் எசமானர், அந்த எசமானருக்கு ஒரு மன்னர், அந்த மன்னருக்குப் பெரும்பாலும் தாங்களே தகப்பன்.

அப்போது அமைச்சர் தியட்மாருக்கு ஒரு யோசனை உதித்தது. எங்கள் உப்பளங்களில் கடல்நீரைக் கொதிக்கவைத்து உப்புக் காய்ச்சுகிறவர்கள் பெரும்பாலும் மேற்குத் தீவுகளிலிருந்து சிறைபிடித்து வந்த அடிமைகள். அவர்கள் பல தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். அவர்களுள் மூரின் என்னும் நடுவயதுப் பெண் மன்னருக்கே நேர் உடைமை. அடிமையின் கை உடையவனின் கை என்பது எங்கள் சட்டம். எனவே மூரின் தூக்கினால் மன்னர் தம்மைத் தாமே தூக்கிக்கொண்டவர் ஆவார். அவருக்கு மேலே ஒருவரும் இல்லை. சபை தலையாட்டியது. அமைச்சர் தம் அறிவைத் தாமே மெச்சிக்கொண்டு அன்று தேன்மது ஒரு கிண்ணம் கூடுதலாக அருந்தினார்.

குரு அபெலின் கேட்டுவிட்டு மறுத்தார். கைகொடுப்பவர் கை கொடுப்பதோடு முடிவதில்லை, இந்த மனிதன் தீமையை விட்டுவிட்டான் என்று கடவுள் முன் சாட்சி சொல்லவும் வேண்டும், அடிமையின் சாட்சி இரு நாட்டுச் சட்டத்திலும் செல்லாது, முதலில் அவளை விடுவியுங்கள் என்றார். விடுவிப்பதில் என்ன கஷ்டம் என்று சபையோர் கொல்லனை அழைத்து அவள் கழுத்து வளையத்தை அறுக்கச் செய்து, இனி அவளை எவரும் அடிமை கொள்ளலாகாது என்று முறைப்படி அறிவித்தார்கள். விடுதலை பெற்றவளின் கை இனி மன்னரின் கை ஆகாது என்பதோ, அவளிடம் சம்மதம் கேட்க வேண்டும் என்பதோ ஒருவருக்கும் தோன்றவில்லை. அதுவரை எவரும் அவளிடம் எதையும் கேட்டதில்லை ஆகையால், அந்தப் பழக்கமே அங்கு இல்லை.

செய்ய வேண்டியதை அமைச்சர் விளக்கியபோது மூரின் பொறுமையாகக் கேட்டாள். வளையத்தை மறுபடி மாட்ட முடியுமா என்று ஒன்றே ஒன்று கேட்டாள். முடியாது, சட்டம் அப்படி என்று அமைச்சர் பெருமையோடு பதிலளித்தார். அவள் தன் போர்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, தாழ்வாக ஒரு வணக்கம் வைத்துவிட்டு, துறைமுகத்தை நோக்கி நடந்து போனாள். மீனைக் கடலில் விட்டுவிட்டு விலை பேசிய கதை ஆயிற்று எங்கள் கதை.

அதே வேளையில் முனைத்தீவுக் காவலர் புகை எழுப்பினார்கள். மார்வென் பாய்கள் தெரிகின்றன என்பது அதன் பொருள். உப்பளங்களின் தலைவர் கெர்லாஃப் பிரபு, அவளை மயிரைப் பிடித்து இழுத்து வந்து தண்ணீரில் நிறுத்தினால் சாட்சி தானே வரும் என்றார். அடித்து வாங்கிய சாட்சிக்கு நான் தண்ணீர் ஊற்றமாட்டேன், ஊற்றினாலும் அது வெறுங்குளியல்தான் என்றார் குருவானவர். எம் மன்னர் இருவர் பேச்சும் முடியும் வரை நிற்கவில்லை. வாளைக் கழற்றிப் பலகைமேல் போட்டுவிட்டுத் தனியாகவே இறங்கிப் போனார். அமைச்சர் மட்டும் மூச்சிரைக்கப் பின்தொடர்ந்தார். அதனாலேயே பின்வருவதை எழுத முடிகிறது.

நீர் ஏறியதும் புறப்படவிருந்த தீவுப் படகு ஒன்றின் அருகே மூரின் வலைக்குவியல்மேல் உட்கார்ந்திருந்தாள். மன்னரைக் கண்டு எழவில்லை. தமக்குச் சாட்சி சொல்ல அவளுக்கு ஏன் மனமில்லை என்று மன்னர் கேட்டார். தனக்கு அவரை ஒரே ஒரு காலைப்பொழுதில்தான் தெரியும் என்றாள் அவள். அந்தக் காலையில் தன் ஊர் எரிந்தது, அவர் திருந்தினாரா இல்லையா என்று உப்புப் பானைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தான் எப்படி அறிவது, தெரியாததைத் தெரியும் என்று கடவுளிடம் போய்ச் சொல்லவா என்று கேட்டாள். பிறகு, அந்த நாளில் பார்த்த தன் முகம் அவருக்கு நினைவிருக்கிறதா என்று வினவினாள்.

பேரரசரே, அந்தக் கேள்விக்கு ஆம் என்பதே உதவக்கூடிய விடை என்று அமைச்சருக்குப் பட்டது. பின்னாலிருந்து இருமியும் காட்டினார். எம் மன்னர் அவள் முகத்தை நெடுநேரம் பார்த்தார். நினைவில்லை என்றார். கரைகள் பல, பெண்கள் பலர், அன்று தாம் எவர் முகத்தையும் பார்க்கவே இல்லை என்றார்.

மூரின் சிறிது நேரம் வலை முடிச்சுகளைத் தடவிக்கொண்டிருந்தாள். ஆம் என்றிருந்தால் படகேறியிருப்பேன், அன்று என் முகம் முழுக்கச் சாம்பலும் சேறும், பெற்றவளுக்கே என்னை அடையாளம் தெரிந்திராது என்றாள். அதற்குப் பிறகுதான் அவள் தன் மனத்தில் கிடந்ததைச் சொன்னாள். அந்தக் காலையில் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுவன் நின்றான். அவள் மகன். பிரித்துக் கொண்டுபோனார்கள். அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் மென்மயிர்த் தோல்களோடும் வேட்டை நாய்களோடும் அவனும் மார்வென் அரண்மனைக்குக் காணிக்கையாக அனுப்பப்பட்டான், லாயத்து வேலைக்கு.

அவள் முகத்தை மறந்த எம் மன்னருக்கு அந்தக் காணிக்கை நன்றாக நினைவிருந்தது. குதிரைகளுக்கு அஞ்சாத பிள்ளைகள் வேண்டும் என்று பேரரசர் கேட்டிருந்தார். நின்றிருந்த பிள்ளைகளிடையே ஒரு குதிரையை ஓடவிட்டு, ஒதுங்காமல் நின்றவனை எம் மன்னரே தேர்ந்தெடுத்தார். அவனுடைய துணிச்சலைப் பார்த்துச் சிரித்துப் பாராட்டினார். இது நினைவுக்கு வந்ததும் எம் மன்னர் துறைமுகத்தில், மீனவர் பார்க்க, அழுதார். இதை ஓலையில் எழுத வேண்டாம் என்று சபையோர் கூறினர். எழுதுக என்று மன்னர் பணித்தார்.

மகனைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்று மூரின் கேட்டாள். முடியும் என்று சொல்லத் தமக்குத் துணிவில்லை என்றார் மன்னர். பேரரசருக்கு இரையாகிவிட்டால் தாம் எதையும் கேட்க முடியாது, பிள்ளையாகிவிட்டாலும் கேட்க முடியாது, கொடுக்க மட்டுமே முடியும், ஒரு மன்னராக எதிரே நின்றால் கேட்கலாம், கேட்டாலும் அவர் மறுக்கக்கூடும் என்றார். அதற்குள் படகுக்காரர்கள் கயிற்றை அவிழ்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்கள். அவள் எழவில்லை. படகு நீர்மேல் திரும்பியது. தன் ஊருக்குப் போகும் படகு கண்ணெதிரே போவதைப் பார்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். அமைச்சர் தம் வாழ்நாளில் பார்த்த துணிவுகளில் அதுவே பெரிது.

மறுநாள் காலை, தங்கள் பாய்களின் நிறம் தெரியும் தொலைவில், எல்மர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் எம் மன்னர் மார்பளவு நீரில் இறங்கினார். பனிக்கட்டிகள் இன்னும் மிதந்துகொண்டிருந்தன. இந்த மனிதன் தீமையை விட்டுவிட்டான் என்று சாட்சி சொல்வாயா என்று குரு அபெலின் மூரினைக் கேட்டார். அப்படிச் சொல்ல மாட்டேன் என்றாள் அவள். கரையில் நின்ற சபையோருக்கு உயிரே போயிற்று. நேற்று ஒரு பொய் சொல்லியிருந்தால் அவருக்குக் காரியம் ஆகும் என்ற இடத்தில் அவர் பொய் சொல்லவில்லை, அதற்கு நான் சாட்சி, மற்றதைக் கூட இருந்து பார்த்துச் சொல்கிறேன் என்றாள். குருவானவர் மன்னரின் தோளில் கை வைத்தார். தாம் கொடுத்த ஞானஸ்நானங்களில் இதைவிடக் குறைவான சாட்சியோடு கொடுத்தவை பல உண்டு என்று கூறி, மன்னரை மூன்று முறை முழுக வைத்தார்.

மூன்றாம் முறை எழுந்தபோது குளிரால் எம் மன்னருக்குக் கால் பதியவில்லை. மூரின் இரு கைகளையும் கொடுத்தாள். உப்பில் வெடித்த கைகள் அவை. எம் மன்னரோ மூன்று ஆள் எடை. இருவரும் ஒருமுறை சறுக்கினார்கள். கெர்லாஃப் பிரபு உதவிக்கு ஓடிவர, அவரை நெருங்கவிடாமல் அமைச்சர் பிடித்து நிறுத்தினார். அவள் முழங்காலை மணலில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, எல்மர் நாட்டு மன்னரைத் தானே கரையேற்றினாள். இதுவரை அவள் என்று எழுதிவந்த எழுத்தர் இந்த வரியிலிருந்து அவர் என்றே எழுதக்கடவர்.

கரையேற்றியவர் கேட்டதை இல்லை என்னலாகாது என்பது சட்டம். அன்னையார் மூரின் கரையிலேயே நின்று முதற்சொல் கேட்டார். உப்புப் பானைகளுக்கு அடியில் எரியும் நெருப்பை அணையுங்கள் என்றார். அன்று மாலைக்குள் எல்மர் நாட்டிலிருந்த தீவு மக்கள் அனைவரின் கழுத்து வளையங்களும் அறுக்கப்பட்டன. போக விரும்பியவர்களுக்குப் படகுகள் கொடுக்கப்பட்டன. இனி உப்புக்கு என்ன செய்வது என்று பிரபுக்கள் முறுமுறுத்தார்கள். இருக்கிற கைகளால் காய்ச்சுவது என்று மன்னர் விடை கூறினார். கெர்லாஃப் பிரபு இப்போது காய்ச்சக் கற்று வருகிறார்; இரண்டு விரல்களில் கொப்புளம்.

ஆகவே பேரரசரின் திருச்சமூகத்திற்கு எம் மன்னர் தெரிவிப்பது. தாங்கள் அன்போடு நீட்டிய கைக்கு இனி வேலையில்லை. எம் மன்னர் கிறிஸ்துவை ஏற்றவர். தங்கள் வாக்கின்படியே அவர்மீது மார்வென் வாள் உருவப்படலாகாது. புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர் எட்டு நாள் வெள்ளுடை தரித்து ஆயுதம் ஏந்தாதிருக்க வேண்டும் என்ற திருச்சபை வழக்கத்தின்படி, அவர் இப்போது வெறுங்கையோடு முகத்துவாரத்து மணலில் நிற்கிறார். இது தங்கள் கப்பல்களுக்குத் தெரிகிற தூரம்தான். வெறுங்கையோடு நிற்பதால் அஞ்சி நிற்கிறார் என்று எவரும் தங்களுக்குக் கூறினால் நம்ப வேண்டாம். ஆனாலும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை என்பது மெய். ஓலை போய்ச் சேர்ந்ததா, ஓலை போய்ச் சேர்ந்ததா என்று இது முடியுமுன்பே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அவர் கேட்பது ஒன்றே. அன்னையாரின் மகன் எம் மன்னருக்கு உடன்பிறந்தவர். ஒரு கிறிஸ்தவ மன்னரின் உடன்பிறந்தவர் மற்றொரு கிறிஸ்தவ மன்னரின் லாயத்தில் அடிமையாக இருக்கிறார். அவரை அங்கே அனுப்பியது எம் மன்னரின் குற்றம். அதை அவர் மறுக்கவில்லை. அங்கேயே வைத்திருப்பது இந்த ஓலை தங்கள் கையைத் தொடும் கணம் முதல் தங்கள் குற்றம். அவரை அனுப்பினால் எல்மர் துறையில் மார்வென் கப்பல்களுக்கு என்றும் நண்பர்களின் இடம் உண்டு. அனுப்பாவிட்டால், எட்டு நாள் கழிந்ததும் வெள்ளுடை களையப்படும்.

ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று தங்கள் அதிகாரிகள் கேட்கக்கூடும். அன்னையாரிடம் அமைச்சர் அடையாளம் கேட்டார். மச்சமும் இல்லை, தழும்பும் இல்லை, அன்று பால்பல் விழாத வயது, இன்று தாடி முளைத்திருக்கும், மார்வெனில் வேறு பெயர் வைத்திருப்பார்கள் என்றார். தாம் அவனை அழைத்த பெயர் லோர்கன் என்று மட்டும் சொன்னார். தங்கள் கப்பல்களில் போர்க்குதிரைகள் இருப்பதாக எம் காவலர் கூறுகின்றனர். குதிரைகள் வந்திருந்தால் குதிரைக்காரர்களும் வந்திருப்பார்கள். அதைக் கேட்ட நேரம் முதல் அன்னையார் கரையை விட்டு அகலவில்லை, சோற்றுக்கும் வரவில்லை.

எல்மர் ஆற்று முகத்துவாரத்தில், வெள்ளுடை நாட்களில், மன்னர் ராட்கேரின் கடல்நாய் முத்திரையும், அதன் பக்கத்தில் அன்னையாரின் கட்டைவிரலும் பதித்து விடுக்கப்பட்டது. கொண்டுவருபவர் குரு அபெலின். அவரை அவமதியாது திருப்பி அனுப்புக.

ஆணை: கப்பல் கப்பலாகவும், பின்னர் தங்கள் தலைநகரத்து லாயம் லாயமாகவும் ஆள் அனுப்பி, லோர்கன் என்று கூப்பிடச் செய்க. திரும்பிப் பார்ப்பவரைப் படகேற்றி அனுப்புக. ஒருவரும் திரும்பாவிட்டால் இன்னும் உரக்கக் கூப்பிடுக.